கத்தாத போர்டு

ஓடாத கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் ஊரில் மற்ற மெக்கானிக்குகள் முதலில் திருப்புளியை எடுப்பார்கள். இவர் எடுக்க மாட்டார். சுவிட்சைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பார். "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்பார். போயிருக்கும். "ஃபேன்ல ஒயர் உரசுது" என்பார். உரசும். கடையில் பாதிப் பங்குதாரனான மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்துவிட்டான். "பாம்புக்காது இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாடிக்கைக்காரர்கள் படியேறுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவர் கை பட்ட எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மதர்போர்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் செருகியிருக்கும். இப்போது வருகிற பெட்டிகளில் யாரும் அதை வைப்பதில்லை. இவர் தேடிப் பிடித்து வைப்பார். உள்ளே கோளாறு என்றால் அது கீச்சென்று கத்தும். நீளமாக விட்டுவிட்டுக் கத்தினால் ராம், அதாவது மெமரி அட்டை, சரியில்லை. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு. சத்தமே இல்லையென்றால் போர்டுக்கு உயிர் இல்லை, பால் ஊற்ற வேண்டியதுதான். "வாயில்லாப் பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிய்யா வைத்தியம் பார்க்கிறது?" என்பார்.

இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. கொஞ்ச காலமாக உலகத்தில் எல்லோரும் வாயைத் திறக்காமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வார்த்தையை முழுங்குகிறாள். காலிங் பெல்லுக்குப் போட்ட பேட்டரி மட்டமான பேட்டரி. குக்கர் முன்போல விசில் அடிப்பதில்லை. மச்சினனுக்கு மட்டும் அண்டாவுக்குள்ளே தலையை விட்டுப் பேசுகிற மாதிரிக் கனத்த குரல், அது கணீரென்று கேட்டது. ஆக, தன் காது நன்றாகத்தான் இருக்கிறது, ஊரார் வாய்தான் கெட்டுவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கேட்காத இடத்தில் தலையை ஆட்டிவிடுவார். நாலு பேர் சிரித்தால் கூடச் சிரித்துவிடுவார். அப்படி ஒரு நாள் தலையாட்டியதன் பலன், மச்சினன் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றான். அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஒரு மாசம் இங்கே இருக்கட்டுமா என்று மனைவி கேட்டாளாம். இவர் தாராளமாக ஆட்டினாராம். அந்த ஒரு மாசமும் குளியலறைக்கு வரிசையில் நின்றார், கேட்காமலே தலையாட்டியதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

மனைவிக்கு மெல்லிய குரல். கல்யாணமான புதிதில் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவளிடம் வேண்டுமென்றே ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது அவள் பேசினால் ஜன்னல் வழியாகக் காற்றுப் போகிற மாதிரிப் போயிற்று. "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி" என்று ஒரு நாள் அவள் அலுத்துக்கொண்டாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அதன்பின் அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, அங்கே நடக்கிற கூத்தையெல்லாம் சாப்பிடும்போது கொட்டித் தீர்க்கிறவள், இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனாள். இவளும் மாறிவிட்டாள் போல என்று அவர் வருத்தப்பட்டார். ஏன் என்று கேட்கவில்லை.

இப்படியிருக்கையில்தான் மகளின் படம் வந்து சேர்ந்தது.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், வயது இருபத்திரண்டு ஆனாலும். அனிமேஷன் படிக்கிறாள், கடைசி வருஷம். ஒரு லிஃப்டைக் கதாநாயகனாக வைத்துச் சின்னப் படம் ஒன்று செய்திருந்தாள். மாடி மாடியாகப் போய்வருகிற அந்த லிஃப்டுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "டிங்". அதை வைத்துக்கொண்டு அது எல்லோரிடமும் பேசப் பார்க்கிறது. அந்தப் படத்தை அன்று சாயங்காலத்துக்குள் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும், தவறினால் ஒரு வருஷம் போயே போச்சு. வேலையெல்லாம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கோத்து முழுப் படமாக்கித் தர வேண்டும், அதற்கு ரெண்டர் என்று பெயர், அது ஒன்றுதான் பாக்கி. பழைய கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு ஓடவிட்டால் மறுநாள்தான் முடியும் போலிருந்தது.

"நீ போய்ப் படு கண்ணு" என்றார் அவர், காலையில் கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்த மகளிடம். "கடையிலிருந்து புது கிராபிக்ஸ் கார்டு எடுத்துட்டு வந்திருக்கேன். நீ எழுந்திருக்கிறதுக்குள்ள மாட்டி ஓட விட்டுடறேன். மத்தியானம் படம் ரெடி."

"நிஜமாவாப்பா?"

"பாம்புக்காதுகிட்டயே கேக்கறியா?"

அவள் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தாள். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்து என்னவோ சொன்னாள். இவர் தலையாட்டினார். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

புது கார்டு செங்கல் மாதிரி கனத்தது. இடம் பத்தவில்லை. கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் அமுக்கி, முழங்கையால் ஒயரையெல்லாம் ஒதுக்கி ஒருவழியாக உட்கார வைத்தார். சுவிட்சைப் போட்டார். ஃபேன்கள் சுற்றின, விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது.

அதனால் என்ன? தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். ஃபேன் உம்மென்று ஓடுவது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

கார்டு தப்பாக உட்கார்ந்திருந்தால் கத்துமே? எடுத்து மறுபடி மாட்டினார். மானிட்டர் கறுப்பு. சரி, புதுக் கார்டே பழுதோ என்னவோ என்று அதைக் கழற்றிவிட்டுப் பழைய கார்டையே போட்டார். நேற்று ராத்திரிவரை ஓடிய கார்டு அது. அப்போதும் கறுப்பு. கோளாறு கார்டில் இல்லை, வேறெங்கோ. அதுவும் தன் கை பட்ட பிறகு.

அலமாரியில் ஒரு பவர் சப்ளை வைத்திருந்தார். அதை மாற்றினார். பலனில்லை. ஸ்பீக்கரே செத்துப்போயிருந்தால்? பையைத் துழாவிப் புது ஸ்பீக்கர் எடுத்துச் செருகினார். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவன் யாராவது இருந்தால் இதற்குள் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்திருப்பான். எதற்கெடுத்தாலும் ராமைக் கழற்றித் துடைக்கிறவர்களை இவருக்குப் பிடிக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் என்பார். ராமில் கோளாறு என்றால் போர்டு கத்தும், கத்தவில்லை என்றால் ராமில் கோளாறு இல்லை, அவ்வளவுதான். அவர் இப்போது ராமில் கை வைத்தது துடைப்பதற்காக அல்ல, கடைசிப் பரீட்சைக்காக. உயிருள்ள போர்டிலிருந்து ராமைப் பிடுங்கினால், பால்புட்டியைப் பிடுங்கின குழந்தை மாதிரி ஊரைக் கூட்டும். இரண்டு ராமையும் எடுத்தார். ஒன்றைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பக்கத்து க்ளிப் அமுக்காமலேயே திறந்துகொண்டது. அதைப் பார்த்தார், ஆனால் மனசில் வாங்கவில்லை. சுவிட்சைப் போட்டார். குனிந்து, காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

உம்மென்று ஃபேன். அவ்வளவுதான்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவிட்சை அணைத்துவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, பாப்பாவோட போர்டு போச்சுடா. இதே மாடல் கடையில இருக்கா?"

"ஐயையோ! இன்னைக்குத்தானே மச்சான் அவ படம் அனுப்பணும்? அந்த மாடல் இப்ப எங்கயும் கிடைக்கிறதில்லையே. வெளியூர்ல சொல்லி வரவழைக்கணும், ரெண்டு நாளாவது ஆகும். நல்லாப் பார்த்தீங்களா? ராமா இருக்கப் போவுது."

"எனக்கே பாடமா? ராமைக் கழட்டியே பார்த்துட்டேன். கத்தலை."

"கத்தலையா?" எதிர்முனையில் பெருமூச்சு. "நீங்களே கத்தலேன்னு சொல்லிட்டா அப்புறம் அப்பீலே கிடையாது. டிஸ்கைக் கழட்டி இங்க கொண்டு வாங்க, கடையில இருக்கிற டப்பாவுல ஓட விடலாம்."

"உன் டப்பாவுல ஓட விட்டா அடுத்த வாரம்தான் முடியும்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எத்தனையோ பேர் வீட்டு மெஷினைப் பிழைக்க வைத்த கை, சொந்தப் பெண்ணின் மெஷினைக் கொன்றுவிட்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷமாகப் படித்தாளே, வாரக்கணக்கில் ஒரு லிஃப்டின் கதவுக்கு உட்கார்ந்து வர்ணம் தீட்டினாளே, சும்மா இருந்திருந்தால் நாளைக்காவது முடிந்திருக்குமே, கல்லூரியில் போய்க் கெஞ்சி ஒரு நாள் கேட்டிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பிறகு எழுந்துபோய் மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

அவர் சொல்லச் சொல்லப் பாப்பா படுக்கையில் உட்கார்ந்தபடி கேட்டாள். போர்வையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"திட்டிடு கண்ணு" என்றார் அவர். "வாயில வந்ததைச் சொல்லித் திட்டிடு."

அவள் திட்டவில்லை. எழுந்து வந்து, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், திரும்பி நின்று, திருப்புளிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தார். கல்லூரிக்கு நேரில் போய்ப் பேசலாமா, என்ன சொல்வது, யாரைப் பார்ப்பது என்று மனசு ஓடியது.

தோளில் கை விழுந்தது. திரும்பினார். பாப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் மாதிரி அவள் முகம் இருந்தது.

"அப்பா, ஏம்ப்பா இது இப்படி அழுவுது?"

"எது?"

"இதுப்பா. சுவிட்சை சும்மா போட்டுப் பார்த்தேன்." பெட்டியைக் காட்டினாள். ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. "நீங்கதான் சின்ன வயசுல மடியில உட்கார வச்சுச் சொல்வீங்களே, பசிக்குதுன்னு அழுவுது, ராம் கேக்குதுன்னு. அந்த அழுகைதான்."

"கத்தலையே பாப்பா. நான் காதை வச்சே பார்த்தேனே."

அவள் அவரைப் பார்த்தாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் சுருங்கியது. சுருங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றது. விட்டது. மறுபடி சுருங்கியது. காதுக்குப் பக்கத்தில் யாரோ கத்தினால் எந்த முகமும் அப்படித்தான் சுருங்கும்.

"நீளமாவா?" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நீளமா. விட்டு விட்டு."

அவர் குனிந்து அந்தக் குட்டி ஸ்பீக்கர்மேல் விரல் நுனியை வைத்தார். அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. போர்டுக்கு உயிர் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை அதற்கு.

"இந்தக் காலத்துல யாரும் வாயைத் திறந்து..." என்று பழைய பல்லவியைத் தொடங்கினார். முடிக்க முடியவில்லை. செய்தி வாசிக்கிற பெண், காலிங் பெல், குக்கர் எல்லாம் வரிசையாக வந்து நின்று அவரைப் பார்த்தன. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. காது போனால் பாம்புக்காதுக்கு அப்புறம் என்ன மிச்சம்?

பாப்பா முன்னால் வந்து உட்கார்ந்து அவர் கைகளை விலக்கினாள். நேருக்கு நேர், நிதானமாகச் சொன்னாள்: "பாம்புக்குக் காதே கிடையாது, தெரியுமாப்பா? தரை அதிர்றதை வச்சுத்தான் எல்லாம் தெரிஞ்சுக்குமாம். அந்தப் பேரு இப்பத்தான் உங்களுக்குப் பொருத்தமா இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்காமலே சிரித்தார்.

அப்புறம்தான் அந்த க்ளிப் ஞாபகத்துக்கு வந்தது. அமுக்காமலேயே திறந்த க்ளிப். "அட மண்டு!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். செங்கல் கார்டை அமுக்கும்போது முழங்கை பட்டு ஒரு ராம் கிளம்பியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கழற்றி மாட்டினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்கு ஒரு போர்டுக்கே ஈமக்கிரியை செய்யப் பார்த்திருக்கிறார். புதுக் கார்டை முதலில் உட்கார வைத்தார். பிறகு இரண்டு ராமையும் க்ளிப் இரண்டு பக்கமும் கவ்வுகிறவரை அமுக்கினார். க்ளிப் கவ்வுவது கட்டைவிரலில் தெரிந்தது. சுவிட்சைப் போட்டார். மானிட்டர் வெளிச்சமானது.

"ஹையா!" என்று பாப்பா கத்தியது அவருக்கு நன்றாகவே கேட்டது.

ரெண்டர் ஓட ஆரம்பித்தது. திரையில் நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார் அவர் மெல்ல.

"நான் சொல்ல மாட்டேன்." முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "நீங்கதான் சொல்லணும்."

மனைவி வேலையிலிருந்து வந்தபோது படம் போய்ச் சேர்ந்துவிட்டது. "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பாருங்க" என்று பாப்பா நாற்காலிகளை மானிட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது. கதவு திறந்தது. ஒரு தாத்தா உள்ளே வந்தார். லிஃப்டின் கதவுகள் வெட்கப்பட்டதுபோல் லேசாக நடுங்கின. மனைவி பக்கென்று சிரித்தாள். தாத்தா மேலே பார்த்தார். மனைவி மறுபடி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் வாயும் பழக்கதோஷத்தில் சிரிப்பதற்கு விரிந்தது. பாதியில் நின்றது. மகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த படம் இது. இதற்குமா பொய்ச் சிரிப்பு?

"நிறுத்தும்மா" என்றார்.

பாப்பா நிறுத்தினாள். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அந்த இடத்துல ஒண்ணுமே கேக்கலை. அந்த டிங் எனக்குக் கேக்கலை." விரலால் திரையைக் காட்டினார். "ரொம்ப நாளாவே சரியாக் கேக்கறதில்லை. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மெல்லிசான சத்தம் எதுவுமே கேக்கறதில்லை."

மனைவியின் உதடு அசைந்தது. அவர் அதையே உற்றுப் பார்த்தார்.

"அப்போ... நான் கூப்பிட்டு நீங்க திரும்பாம போனதெல்லாம்?"

"கேக்கலை."

"நான் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லச் சொல்ல, நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு எழுந்து போனதெல்லாம்?"

"சத்தியமாக் கேக்கலைம்மா."

"வேணும்னு இல்லையா?"

"வேணும்னா? உன் பேச்சையா?"

அவள் முகம் கோணியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் அலுத்துப் போயிட்டேன்னுல்ல நினைச்சேன் உங்களுக்கு. வயசாயிடுச்சு, இனிமே இவ பேச்சு எதுக்குன்னு ஒதுக்கிட்டீங்கன்னு. ஒரு வருஷமா ராத்திரி படுத்துக்கிட்டு இதைத்தான் யோசிச்சேன். காது கேக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்கெல்லாம் ஒரு மனுஷனா?"

இதில் பாதிதான் அவருக்குக் கேட்டது. மீதியை அவள் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாப்பா படத்தைப் பின்னால் ஓட்டி அந்த இடத்திலிருந்து போட்டாள். தாத்தா உள்ளே வந்தார். லிஃப்ட் கதவு நடுங்கியபோது மகள் அவர் மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டினாள். ஒரு தட்டு. தாத்தா மேலே பார்த்தார். இன்னும் ஒரு தட்டு, கொஞ்சம் அவசரமாக. வணக்கம் சொல்லத் தெரியாத கூச்சக்காரன் கதவிடுக்கில் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் சிரித்தார். எல்லோருக்கும் கடைசியாக, ஆனால் நிஜமாகவே சிரித்தார்.

படம் முடிந்ததும் மனைவி கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள். எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டுகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் உரக்க. "இப்ப என் வாயைப் பாருங்க. ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு. முதல்லேர்ந்து சொல்லப் போறேன். தலையை மட்டும் ஆட்டினீங்க, கொன்னுடுவேன்."